ஷார்ஜாவில் எல்லாரும் வைத்திருக்கும் போன்

சமீனாவின் போன் கண்ணாடி உடைந்து, தொட்டால் விரலைக் கீறுகிறது. அவள் புருஷன் முகம்மது சலீம் கையிலோ பளபளவென்று ஆப்பிள் போன். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த நாள் முதல் அதை அவன் கீழே வைக்கவில்லை.

சமீனா பொறுத்துக்கொண்டாள். அவள் அண்ணன் பரீதுக்குத்தான் பொறுக்கவில்லை. தென்காசியில் செல்போன் கடை வைத்திருப்பவர் அவர்.

தன் போனுக்கு மேல்கண்ணாடி ஒட்டப் பரீதின் கடைக்கு வந்த அன்றே சலீம் பீற்றிக்கொண்டான்.

"இங்கன ஏன் மச்சான் எல்லாரும் சைனா போனையே கட்டிட்டு அழுவுதாங்க? அங்கன எல்லார்கிட்டயும் இதுதான்."

இங்கே ரெண்டு சிம் வேண்டும், சார்ஜ் நிற்க வேண்டும், உடைந்தால் உள்ளூரிலேயே டிஸ்ப்ளே கிடைக்க வேண்டும், நாட்டுக்கு நாடு தேவை வேறு என்று பரீது பொறுமையாக விளக்கினார். விளக்கிக்கொண்டே சலீமின் போனுக்குப் புதுக் கவர் மாட்டி, வழக்கம்போல அதன் உள்பக்கம் தன் கடை ஸ்டிக்கரையும் ஒட்டிக் கொடுத்தார்.

குற்றாலத்தில்தான் கூத்து. நல்ல சீசன், ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது. குடும்பமே குளிக்க, சலீம் மட்டும் போனை பாலிதீன் கவரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன், போய்க் குளியுங்கள் என்று பரீது சொல்லியும் கொடுக்கவில்லை. பாலைவனத்தில் கிடந்து வந்த மனிதன், அருவியில் தலை நனைக்காமலே வீடு திரும்பினான்.

சலீம் ஷார்ஜா திரும்புவதற்கு முந்தின நாள் மதியம் விருந்து. சொந்தபந்தம் பூராவும் கூடியிருந்தது. பிரியாணி பரிமாறும்போதே பரீது ஆரம்பித்துவிட்டார்.

"அங்கன எல்லார்கிட்டயும் இந்தப் போன்தான மச்சான்? அப்போ இத சமீனாகிட்ட கொடுத்துட்டுப் போங்க. நீங்க அங்கன வேற வாங்கிக்கிடலாம்லா."

சலீமின் கை தட்டிலேயே நின்றது.

"இத மட்டும் கேக்காதீங்க மச்சான்."

"அருவிய விட்டீங்க, போன விட மாட்டீங்க. பொண்டாட்டிய விட இதுதான் பெருசாப் போச்சு."

யாரோ சிரித்தார்கள். விடுண்ணே என்றாள் சமீனா. சலீம் மறுநாள் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போதும் பரீதின் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கைக்காக நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிட்ட திருப்தி பரீதுக்கு.

அடுத்த மாதம் சுரண்டையிலிருந்து ஆவுடைநாயகம் என்ற இளைஞர் மாமனாரோடு பைக்கில் பரீதின் கடைக்கு வந்து இறங்கினார். அவரும் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தவர். போனின் மேல் ஒட்டிய கண்ணாடியில் விரிசலாம், மாற்ற வேண்டுமாம். மாமனார் வாசலிலேயே நின்றுகொண்டார்.

பரீது கவரைக் கழற்றினார். உள்ளே அவர் கடை ஸ்டிக்கர்.

"இந்தப் போன் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது தம்பி?"

ஆவுடைநாயகம் வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இது எங்க ரூம் போன் பாய். ரூம்ல தங்கியிருக்க எல்லாரும் சேந்து வாங்குனது. லீவுல ஊருக்குப் போறவன் கொண்டு போவான், திரும்பி வந்ததும் அடுத்தவன்கிட்ட கொடுக்கணும். மத்தபடி அங்கன எங்க எல்லார்கிட்டயும் சைனா போன்தான்."

"எதுக்கு இந்த வேஷம்?"

"வேஷந்தான் பாய். வெளிநாட்டுல இருந்து வாறவன் சாதா போனோட வந்தா, பொண்டாட்டியத்தான் அவ வீட்டுல எளக்காரமாப் பாக்காங்க. போன தடவ கொண்டு வந்த அண்ணன்கிட்ட, அவரு பொண்டாட்டியோட அண்ணனே இதக் கேட்டுட்டாராம், விருந்துல வச்சு. கொடுத்திருந்தா அவரு மானம் தப்பிச்சிருக்கும். அடுத்து நான் ஊருக்கு வரணுமேன்னு, எல்லா ஏச்சையும் வாங்கிக்கிட்டுக் கொண்டு வந்து என் கையில கொடுத்தாரு."

பரீதுக்குக் காது மடல் சுட்டது. தட்டில் நின்றுபோன அந்தக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. கேட்ட பாவி நான்தான் என்று சொல்ல வாயெடுத்தார். இத்தனை வெட்கம் அவர் வாழ்நாளில் பட்டதில்லை.

அதற்குள் மாமனார் உள்ளே வந்துவிட்டார்.

"ஏன் பாய், நீங்க தொழில்ல இருக்கறவரு. மருமவன் என்னமோ அங்கன எல்லார்கிட்டயும் இந்தப் போன்தான்னு அளக்காரு. நெசமா?"

ஆவுடைநாயகத்தின் முகம் வெளுத்தது.

பரீது நிமிராமல் புதுக் கண்ணாடியை ஒட்டினார். கவருக்குள் இருந்த தன் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிறகு போனை இரண்டு கையாலும் ஆவுடைநாயகத்திடம் நீட்டினார்.

"நெசந்தான் அண்ணாச்சி. என் மச்சானும் ஷார்ஜாவுலதான் இருக்காரு. அவருகிட்டயும் இதே போன்தான்."