வாயில்லாத டிரைவர்

ஒரு நல்ல வார்த்தையின் விலை முந்தல் ஊரில் நூற்றுக்குப் பத்து. "கருவாடு வாங்கிறதெண்டா இந்தக் கடைதான்" என்று சுற்றுலாப் பயணிகளிடம் சொல்லி வேனை நிறுத்தும் டிரைவர் வின்சன்ட்டுக்கு, கடைக்காரி யூஜினி விற்பனையில் அதைத்தான், கூடவே பால் விடாத ஒரு பிளேன்டீயும், கொடுத்து வந்தாள்.

"டிரைவர் இல்லாத கார் வரப்போகுதாம், வின்சன்ட். இனி உனக்குப் பத்தும் இல்ல, பிளேன்டீயும் இல்ல" என்றாள் உற்சாகமாக.

"அது உங்கட கடையில நிக்குமா, அக்கா?"

"ஏன் நிக்காது? மகள் அந்தக் கொம்பனிக்கே எழுதிக் கேட்டிருக்கிறாள்."

உள்ளேயிருந்து மகள் ஷானிகா போனுடன் ஓடிவந்தாள். "அம்மா, பதில் வந்திட்டுது. கட்டாயம் நிப்பாட்டுவாங்களாம்."

"கேட்டியா, வின்சன்ட்?"

"விக்கிறதில நூற்றுக்கு இருபத்தைஞ்சு நாங்கள் தரவேணுமாம், அம்மா."

யூஜினி மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நட்டம் நூற்றுக்குப் பதினைந்து. லாபம் ஒரு பிளேன்டீ.