லோடிங்குக்கு மாற்றம்

"இன்னாப்பா அருள்பாண்டி, ஒரு பெட்டிய எத்தினி வாட்டி பாப்ப? லேபிள் ஒட்டுறியா, பரீட்சை எழுதுறியா?"

சூப்பர்வைசர் தமிழ்வாணன் கேட்டதும் பேக்கிங் லைனே சிரித்தது. அருள்பாண்டி சிரிக்கவில்லை.

"அட்ரஸ் சரியா இருக்கான்னு பாக்கேன் சார்."

"ஒரு வாட்டி பாத்தா போதாதா? உன்னால லைனே நிக்குது. நாளையிலேருந்து லோடிங்குக்குப் போயிடு. பெட்டி தூக்கினா புத்தி வரும்."

மறுநாளே மாற்றிவிட்டார். வெயிலில் நின்று லாரிக்குப் பெட்டி ஏற்றும் வேலை. மூன்று வாரம் அருள்பாண்டி ஒழுங்காக வந்து பெட்டி ஏற்றினான். பிறகு நான்கு நாளாக ஆளையே காணோம். போனும் எடுக்கவில்லை.

வல்லம் வடகாலில் அவன் குடியிருந்த வாடகை வீட்டுக்குக் கோபத்தோடுதான் போனார் தமிழ்வாணன்.

கதவைத் திறந்த அருள்பாண்டியின் தோளில் ஒரு குழந்தை. மகள், இரண்டு வயது என்றான். எட்டு மாதம் என்றுதான் சொல்லத் தோன்றும். விரல்கள் மடங்கி விறைத்திருந்தன.

"ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் வந்தோம் சார். பாப்பாவுக்கு மூச்சுத் திணறல். பிறவியிலேயே உள்ள சீக்கு."

"இன்னா சீக்கு?"

"செல்லுக்குள்ள கோல்கைன்னு ஒண்ணு இருக்காம். புரதத்தை எல்லாம் வாங்கிப் பக்குவம் பண்ணி, இது இங்க போவணும், அது அங்க போவணும்னு அடையாளம் வச்சு அனுப்புமாம். நம்ம பேக்கிங் மாதிரிதான் சார். பாப்பாவுக்கு அதுல ஒரு அடையாளம் மட்டும் விழ மாட்டேங்கு. கழிவைக் கரைக்கப் போவ வேண்டிய புரதம் செல்லை விட்டே வெளிய போயிருது. கழிவு உள்ளயே தங்கிருது."

"மருந்து?"

"இல்லன்னுட்டாவ."

தமிழ்வாணனுக்கு அன்றைக்கு லைன் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார்.

"அருளு, உன்ன நான் லோடிங்குக்கு அனுப்பினது..."

"தெரியும் சார்." அருள்பாண்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "லேபிளை எடுத்தாலே பாப்பா நெனப்புதான். தப்பா போயிருமோன்னு திரும்பத் திரும்பப் பாப்பேன். எப்படியோ விஷயம் தெரிஞ்சு, எல்லார் முன்னாலயும் திட்டுத மாதிரி திட்டி, என்னைய அங்கேருந்து மாத்தி விட்டீங்க. வேற யாரு சார் இப்படிச் செய்வா?"

தமிழ்வாணன் குழந்தையின் மடங்கிய விரல்களைப் பார்த்தார்.

பிறகு, ஆமாம் என்று தலையாட்டினார்.