விரிசலே இல்லாத சுவர்

பொங்கிக்கொண்டிருந்த தோசை மாவுக்குள் ஒரு பாக்டீரியா. அதற்குள் இரண்டு நொதிகள்: அதன் செல்சுவரைக் கட்டும் கொத்தனார், கட்டியதை வெட்டும் கத்தரி. கொத்தனாருக்கு அதில்தான் வயிற்றெரிச்சல்.

“நான் முதுகொடியக் கட்டுறேன், நீ நறுக்குனு வெட்டிட்டுப் போறே. இனிமே என் சுவர்ல கைவைக்காதே!”

“சரிண்ணே” என்று கத்தரி மூலையில் உட்கார்ந்துகொண்டது.

சுவர் விரிசலே இல்லாமல் ஜோராக இறுகியது. ஆனால் சுவருக்குள்ளே பாக்டீரியாவின் உடல் வளர்ந்துகொண்டே போனது. நடுவில் மாட்டிய கொத்தனார் சுவரோடு சுவராக நசுங்கினார். அடுத்த கல்லை வைக்கக்கூட இடமில்லை.

“தம்பி, மூச்சு முட்டுது, வெட்டுடா!”

கத்தரி வெட்டியது. சுவர் அகன்று கொடுத்தது. அந்த இடைவெளியில் கொத்தனார் புதுக்கல்லைப் பதித்து, தள்ளி நின்று அழகு பார்த்தார்.

“இந்தக் கல்லை மட்டும் தொட்டே, தெரியும் சேதி!”

“சரிண்ணே” என்றபடி கத்தரி தன்னைத் தீட்டிக்கொண்டது.