ஒன்பதாவது வெர்னோல்

"தேட வேண்டாம்னா என்ன அர்த்தம், அண்ணாச்சி? சனிக்கிழமை இதே நாற்காலியில உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதீங்களே!"

"அது சனிக்கிழமை, மேடம். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. கம்ப்ளெய்ன்ட்டைத் திருப்பிக் குடுங்க, நான் போறேன்."

சப்-இன்ஸ்பெக்டர் பேச்சிச்செல்வி பேனாவை மூடினார். எதிரே இருந்த டிக்சன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து நான்கு வயது. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை. அவர் கொடுத்த புகார் பதினோரு பக்கம். அதில் திருட்டைப் பற்றி நான்கு வரிதான். மீதியெல்லாம் வாட்ச்சைப் பற்றி.

வெர்னோல் என்று ஒரு சுவிஸ் கம்பெனி. பாட்டரி வாட்ச்சுகள் வந்த வேகத்தில் 1976-ல் இழுத்து மூடிவிட்டார்கள். சுவிட்சர்லாந்தில் கடலே கிடையாது. ஆனாலும் யாரோ ஒரு கனவுக்காரன் ஒவ்வொரு வெர்னோலின் முதுகிலும் ஒரு கடற்குதிரையைச் செதுக்கி வைத்தான். இன்று அந்தப் பெயரை நினைவு வைத்திருப்பவர்கள் உலகத்தில் நாற்பது பேர் இருக்கலாம். முப்பத்தொன்பது பேர் வெளிநாட்டில். டிக்சன் தூத்துக்குடியில்.

அவரிடம் எட்டு வெர்னோல் இருந்தன. காணாமல் போனது ஒன்பதாவது. நீல முகம், வளர்பிறை தேய்பிறை காட்ட ஒரு சின்ன ஜன்னல். பதினோரு வருடம் தேடி, காயல்பட்டினத்தில் ஒரு பழைய கப்பல்காரர் வீட்டில் கண்டுபிடித்தது. வீட்டுக்கு வந்த ஆறாம் நாள், கட்டிலோர மேஜையிலிருந்து மாயமாகிவிட்டது.

"கதவு உடையலை. பக்கத்துலயே தங்கச் சங்கிலி கெடந்திருக்கு, அதைத் தொடலை. எந்தக் களவாணி தங்கத்தை விட்டுட்டுப் பழைய வாட்ச்சைத் தூக்குவான்?" என்றார் பேச்சிச்செல்வி. "இன்சூரன்ஸ் உண்டா?"

"கெடையாது."

"யாருக்காவது விக்கப் பேசியிருந்தீங்களா?"

"வெர்னோலையா? என் கிட்னியை வேணா விப்பேன்."

"அப்போ வீட்டம்மாவுக்குப் பயந்து நீங்களே ஒளிச்சு வச்சிருக்கீங்க."

டிக்சனின் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "ஆமா மேடம், நான்தான் எடுத்தேன்! பொய்க் கேஸ் குடுத்துட்டேன். உள்ள வேணாலும் வைங்க. தேட மட்டும் செய்யாதீங்க."

இவ்வளவு சந்தோஷமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளைப் பேச்சிச்செல்வி தன் சர்வீசில் பார்த்ததில்லை. வெள்ளைத் தாளை எடுத்து அவர் எழுத ஆரம்பித்தபோது, ஏட்டு சிலுவை ஒரு ஒல்லி ஆளைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பேரு ரெனிஷ், மேடம். இவங்க வீட்டுல ஏசி சர்வீஸ் பண்ணப் போனவன். வாட்ச் நின்னு போச்சுன்னு, இவங்க வாட்ச்செல்லாம் ரிப்பேர் பாக்கிற ஞானையா அண்ணாச்சி கடையில பாட்டரி போடக் குடுத்திருக்கான். அது சாவி குடுக்கிற வாட்ச்சுலா? அண்ணாச்சி திருப்பிப் பாத்திருக்காரு, முதுகுல கடற்குதிரை. உடனே போன் அடிச்சிட்டாரு."

"ஏலே, தங்கச் சங்கிலியை ஏன் விட்டே?"

"கவரிங்னு நெனச்சிட்டேன், மேடம்."

வாட்ச் மேஜைக்கு வந்தது. டிக்சனின் கை அதை நோக்கிப் போனது, சுட்டதுபோல் பின்வாங்கியது, மறுபடி போனது. இரண்டு விரலால் சாவியைத் திருகினார். வாட்ச் ஓடத் தொடங்கியதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"எடுத்தவன் இங்கன நிக்கான். நீங்க ஏன் எடுத்தேன்னு சொன்னீங்க?"

பதில் வருவதற்குள் அவர் மனைவி ஹில்டா வந்துவிட்டாள். கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி. ஞானையா அவளுக்கும் போன் அடித்திருந்தார்.

"கெடைச்சிட்டா! ஞாயித்துக்கிழமை பூசையிலதான் நேந்தேன், மேடம். காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுத் தாரதுல எங்க அந்தோணியாரை மிஞ்ச ஆளே கெடையாது. 'இந்த வாட்ச் கெடைச்சா, அதையே உம்ம கையில கட்டுதேன்'னு சாமியார் முன்னால சத்தமாச் சொல்லிட்டேன்."

ஏட்டு சிலுவை பயபக்தியோடு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பத்துப் பேருக்குச் சோறு போடுதேன்னு நேந்திருக்கலாம்லா, ஏளா" என்றார் டிக்சன், பாதிக் குரலில்.

"ரொம்பப் பிடிச்ச பொருளைக் குடுத்தாதான் நேர்ச்சை."

"யாருக்குப் பிடிச்ச பொருளை?"

"உங்களுக்குத்தான்" என்றாள் ஹில்டா. "ஒரு வாக்கு குடுத்தா மாத்தக்கூடாது, மேடம். எங்க அண்ணன் மாத்தினான், மறுவாரமே போட் இன்ஜின் போச்சு. இருங்க, சொரூபத்தோட மணிக்கட்டு எம்புட்டு இருக்கும்னு கோயில் உபதேசியார்கிட்ட கேட்டுட்டு வாரேன்."

அவள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அந்த வாட்ச்சைத் தேடிய பதினோரு வருடத்தில் அவள் முகம் இவ்வளவு மலர்ந்து டிக்சன் பார்த்ததில்லை.

பேச்சிச்செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'களவு போன பொருள் மீட்கப்பட்டது' என்று எழுதப் பேனாவைத் திறந்தார். டிக்சன் மேஜைமேல் குனிந்தார். ரெனிஷை ஒருமுறை பாசத்தோடு பார்த்தார்.

"மேடம், கெடைச்சாத்தானே நேர்ச்சை? வாட்ச்சை இந்தத் தம்பிகிட்டயே குடுத்து அனுப்பிருங்க, நான் அவன்கிட்ட வெலைக்கு வாங்கிக்கிடுதேன்."