ஷூ நாடா

இலை மறைத்தது.

கூட்டில் மூன்று பாம்புத்தாராக் குஞ்சுகள். வெள்ளைப் பஞ்சு உடம்பு, திறந்த வாய். கடம்பின் ஒரே ஒரு கிளை குறுக்கே தழைத்து, உலகத் தரமான படம் ஒன்றைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

படமெடுக்க வந்தவர் கேமராவை மடியில் வைத்துவிட்டு, இடது ஷூவின் நாடாவை உருவினார். படகிலிருந்தே எட்டி, கிளையை வளைத்துப் பக்கத்துக் கிளையோடு கட்டினார்.

"ஒடிக்கல, பாத்தியா காத்தமுத்து? எடுத்ததும் அவுத்து விட்ருவேன். நாங்கல்லாம் பறவை நேசர்கள்."

படகோட்டி காத்தமுத்து கழியை ஊன்றிப் படகைப் பதினைந்தடி பின்னுக்குத் தள்ளினார். இந்தப் பறவைகளுக்காக ஊரில் மூன்று தலைமுறையாகத் தீபாவளிக்கு ஊசிவெடிகூட வெடிப்பதில்லை என்று வரும் வழியில்தான் சொல்லியிருந்தார்.

அதைக் கண்கலங்க வீடியோ எடுத்திருந்தார் பறவை நேசர். ஏழு நிமிடம். ஐந்து நிமிடம் அவரே பேசியிருந்தார்.

மார்கழிப் பனி விலகியது. ஏரி, மரங்களின் கழுத்துவரை நின்றது.

அவருக்கு இலை அச்சிட்ட சட்டை. லென்ஸுக்கும் அதே துணியில் ஒரு சட்டை.

அங்கே மறைவில்லாமல் இருந்தது கூடு மட்டும்தான்.

தாய் மீனுக்குப் போயிருந்தது.

பருந்துக்கும் இப்போது இலை மறைக்கவில்லை.

முதல் குஞ்சைக் கூட்டிலேயே மிதித்துக் கிழித்தது.

"சார், கையத் தட்டுங்க! சத்தம் போடுங்க சார்!"

காத்தமுத்து கழியை ஓங்கித் தண்ணீரில் அடிக்கப் போனார். பறவை நேசர் ஒரு கையால் அதைப் பிடித்து அமுக்கிக்கொண்டார்.

"ஷ்ஷ். படகு ஆடுது."

மறுகையின் விரல் பொத்தானை விடவில்லை. வினாடிக்கு இருபது படம்.

இரண்டாவதன் குடல் குச்சிகளில் சுற்றிக்கொண்டது. பருந்து தலையை உதறி அறுத்தது.

மூன்றாவது விளிம்பில் ஒரு கால் நகத்தில் தொங்கியது. கத்தியது. கழுத்தோடு போனது.

பஞ்சு ஒன்று மிதந்து வந்து லென்ஸில் ஒட்டியது. அவர் ஊதித் தள்ளினார்.

தலைப்பு தயாராக இருந்தது: 'இயற்கையின் சட்டம்'.

சொன்ன சொல் தவறாதவர். படகைக் கிட்டே விடச் சொல்லி, நாடாவை அவிழ்த்தார். கிளை தன் இடத்துக்குப் போனது. காலிக் கூட்டைக் கச்சிதமாக மூடியது.

நாடாவை ஷூவில் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டார்.

தாய் வந்தது. தொண்டை புடைக்க மீன். இலைகளுக்குள் நுழைந்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து, மறுபடி.

அவர் கேமராவைத் தூக்கினார்.

"ச்சே, இலை மறைக்குது. இதுதான்யா பரிசுப் படம்!"

குனிந்தார். முடிச்சு இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

அவருக்குப் பின்னால், கழி தண்ணீரைவிட்டு மேலே வந்தது.

படகு நகரவில்லை.