மூச்சுக்கூரை

ஏலகிரித் தியான இல்லத்தில் மின்விசிறி கிடையாது. மூங்கிலும் மண்ணும் கொண்டு கட்டிய கூடத்தின் கூரை, உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்கு ஏற்பத் திறந்து மூடும். எல்லோர் மூச்சும் சீராக இருந்தால் மலைக்காற்று இறங்கும். ஒருவர் படபடத்தாலும் கூரை இறுக மூடிக்கொள்ளும்.

தியானம் பழக பெர்னார்டு வந்த நாளிலிருந்து கூரை திறக்கவே இல்லை. மனைவி இறந்த பிறகு அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது; மூச்சும் சீராக வரவில்லை. அவரோடு சேர்ந்து அத்தனை பேரும் வியர்வையில் குளித்தார்கள். அவரை அனுப்பிவிடும்படி சிலர் ஆசிரியை நளாயினியிடம் கேட்டும்விட்டார்கள்.

"என்னால எல்லாருக்கும் சிரமம். நான் கெளம்புறேம்மா," என்று அவரே வந்து நின்றார்.

நளாயினிக்கு மனம் வரவில்லை. "மூச்சைக் கவனிக்கவே வேணாம் சார். சும்மா படுங்க. உங்க வீட்டம்மாவப் பத்திச் சொல்லுங்க."

கூச்சத்தோடு படுத்தவர், மனைவி ஸ்கூட்டர் ஓட்டப் பழகிய கதையை ஆரம்பித்தார். அவள் நேராகக் கோழிக்கூண்டுக்குள் வண்டியை விட்ட இடத்தில் கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு பேச்சு மெல்ல இழுபட்டு, குறட்டையாக மாறியது.

சுவர் அதிர்கிற குறட்டைதான், ஆனால் தாளம் இம்மி பிசகவில்லை. கூரை அதற்கேற்ப அகலத் திறந்து மூடி, கூடம் முழுவதும் குளிர்காற்றை வீசியது.

சாப்பாட்டு மணியடிக்கப் போன சமையல்காரரை நளாயினி ஓடிப்போய்த் தடுத்தாள். "சோறு ஆறட்டும்ணே. அவர் தூங்கட்டும்."

அவரை அனுப்பச் சொன்னவர்கள், தங்கள் பாய்களை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.