சொல்லக்கூடாத பெயர்

அம்பிட்டியவில் உள்ள அந்த வீட்டின் கதவைச் சாத்திவிட்டு, கஜலட்சுமி யுகேஷுக்கு எதிரே கதிரையில் அமர்ந்தார். சுகாதாரப் பிரிவின் அடையாள அட்டை அவரது கழுத்தில் தொங்கியது. பல வீடுகளில் சொல்லிப் பழகிய வார்த்தைகளையே நிதானமாகச் சொன்னார்.

“ஒருத்தருக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு தெரியவந்திருக்கு. பழைய தொற்று இல்ல, இந்த வருசத்துக்குள்ள வந்தது. அவங்க கூட நெருக்கமா இருந்தவங்கள விசாரிச்சோம். உங்க பேரையும் சொன்னாங்க.”

யுகேஷின் முகம் வெளிறியது. “யாரு சொன்னது?”

“அதச் சொல்ல மாட்டோம். உங்க பேரையும் வெளியில சொல்ல மாட்டோம்.”

“பொய்! வேணும்னே மாட்டிவிடுறாங்க.”

“இருக்கலாம். ஒரு டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிரும். தொற்று இருந்தாலும் பயப்படாதீங்க. மருந்த ஒழுங்கா குடிச்சா நல்லா வாழலாம்.”

யுகேஷ் தலையைக் குனிந்துகொண்டார். அதுவே பதிலாயிற்று.

“டெஸ்டுக்கு வாறேன்” என்றார் மெல்ல. “அதுக்குப் பிறகு?”

“மனைவிக்கும் டெஸ்ட் எடுக்கணும். அதுதான் முறை.”

யுகேஷ் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். அதுவரை தளராதிருந்த கஜலட்சுமியின் குரல் அப்போதுதான் நடுங்கியது.

“அழாதீங்க. காலையிலேயே நான் ரத்தம் குடுத்துட்டேன். முடிவு நாளைக்கு வரும்.”

அவர் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“என்ன மன்னிச்சிரு, லட்சுமி. அது யாருன்னு மட்டுமாவது சொல்லேன்.”

“சொல்ல ஏலாதுங்க. அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.”